மூன்று மாதமா, பதினைந்து வருஷமா?

ஆஸ்பத்திரியில் நடந்த கவனக்குறைவால் ஒரு தொழிலாளியின் கால் போய்விட்டது. அல்லது பிரசவத்துக்குப் போன பெண் பிணமாகத் திரும்பினாள். குடும்பம் நியாயம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போகிறது. அந்த வழக்கு எத்தனை நாளில் முடிய வேண்டும்?

மூன்று மாதம் என்கிறது சட்டம். 2020 ஜூலை 20-ல் அமுலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகாரைத் தீர்க்க முயல வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது. பொருளைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதம். எதிர்த்தரப்பார் 30 நாளில் பதில் தாக்கல் செய்ய வேண்டும். போனால் போகிறதென்று இன்னும் 15 நாள் கொடுக்கலாம். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று 2020 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்திருக்கிறார்கள்.

கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது! ஆனால், தோழர்களே, சட்டப் புத்தகத்தை மூடிவிட்டுக் கோர்ட்டு வாசலில் போய் நின்று பாருங்கள். அங்கே ஓடுவது வேறு கடிகாரம்.

அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது?

1953 மே மாதம். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி ஜில்லாவில் கடற்கரையில் விழுந்து தொடை எலும்பு முறிந்த இருபது வயது வாலிபனைப் பூனாவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே சரியானபடி மயக்க மருந்து கொடுக்காமலே காலை இழுத்துக் கட்டியதால் அவன் உயிர் போயிற்று என்பது வழக்கு. பெற்றோர் கோர்ட்டுக்குப் போனார்கள். கீழ்க் கோர்ட்டு 3,000 ரூபாய் நஷ்டஈடு கொடுத்தது. டாக்டர் ஹைக்கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார், அங்கும் தோற்றார். அந்தக் கடைசித் தீர்ப்பு வந்தது 1968 மே மாதத்தில். மகன் இறந்து பதினைந்து வருஷம்!

அப்போது நுகர்வோர் கோர்ட்டு கிடையாது. 1986-ல் தனிச் சட்டம் வந்தது. 1995 நவம்பரில், பணம் கட்டிப் பெறும் வைத்தியமும் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. இனி ஏழைக்கு விடிவு காலம், விரைவில் நியாயம் என்று பத்திரிகைகளெல்லாம் எழுதின. விடிந்ததா?

1998-ல் கல்கத்தாவில் ஒரு பெண்ணுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. தனியார் ஆஸ்பத்திரியில் அளவுக்கு மீறிய மருந்தை ஊசியாகப் போட்டார்கள். மே மாதத்தில் அவர் இறந்தார். புருஷன் அமெரிக்காவில் இருந்த டாக்டர். படிப்பு உண்டு, பணம் உண்டு, மருந்தின் குணம் தெரியும். அவரே மூட்டை மூட்டையாகக் காகிதங்களைச் சுமந்தார். 2006-ல் டில்லியிலுள்ள தேசிய கமிஷன் அவருடைய புகாரைத் தள்ளியது. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு, தவறு நடந்தது உண்மை என்றது. தொகையைக் கணக்கிடும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2011-ல் கமிஷன் ஒரு தொகை சொன்னது. மறுபடியும் சுப்ரீம் கோர்ட்டு. 2013 அக்டோபரில்தான் சுமார் 6 கோடி ரூபாயும் வட்டியும் என்று முடிவாயிற்று. மறுபடியும் பதினைந்து வருஷம்!

1953-க்கும் 1998-க்கும் நடுவே நாற்பத்தைந்து வருஷம் ஓடியது. ராக்கெட்டு வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, புதிய சட்டமும் வந்தது. காத்திருக்கும் காலம் மட்டும் அப்படியே இருந்தது.

இன்னும் கேளுங்கள். 1990 அக்டோபரில் ஹைதராபாத்தின் ஒரு பெரிய மருத்துவ நிலையத்தில் ஆபரேஷனுக்குப் படுத்த இருபது வயது இஞ்சினீயரிங் மாணவர், இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றவராக எழுந்தார். 2009 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு 1 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. பதினெட்டரை வருஷம். சக்கர நாற்காலியில் இருந்தபடி அவரே தம் வழக்கை வாதாடினார்.

நம் சென்னைக்கு வருவோம். 1996-ல் எழும்பூர் சர்க்கார் மகளிர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் குழந்தை குறை மாதத்தில் பிறந்தது. அப்படிப் பிறக்கும் சிசுக்களின் கண்ணைக் குறித்த காலத்தில் பரிசோதிக்க வேண்டும். பரிசோதிக்கவில்லை. குழந்தைக்கு இரண்டு கண்ணும் போயிற்று. 1998-ல் புகார் கொடுத்தார் தகப்பனார். 2009-ல் தேசிய கமிஷன் 5 லட்சம் என்றது. 2015 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு சுமார் 1 கோடியே 80 லட்சம் என்றது. தீர்ப்பு வந்தபோது அந்தக் குழந்தைக்கு வயது பதினெட்டு முடிந்திருந்தது. சிறுமிப் பருவம் முழுவதையும் கோர்ட்டு வாய்தாக்கள் தின்றுவிட்டன.

எல்லா வழக்கும் டில்லி வரை போவதில்லை. சில கீழேயே முடிகின்றன. அது உண்மைதான். ஆனால் எந்த வழக்கையும் டில்லி வரை இழுக்கலாம் என்ற அந்தச் சாவி யார் கையில் இருக்கிறது? அதுதான் கேள்வி.

காத்திருக்க முடிந்தவன் ஜெயிக்கிறான்

தாமதத்துக்குப் பல காரணம் சொல்கிறார்கள். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, நாற்காலி காலி. நுகர்வோர் கோர்ட்டுகளுக்குத் தலைவரையும் உறுப்பினரையும் சர்க்கார்கள் காலத்தில் நியமிப்பதில்லை. யாரும் மனுப் போடாமலே 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு தானாக இதைக் கையில் எடுத்துக்கொண்டு, மத்திய, மாநில சர்க்கார்களைக் கேள்வி கேட்கும் அளவுக்கு நிலைமை கெட்டது. மில்லில் ஒரு ஷிப்டுக்கு ஆள் குறைந்தால் முதலாளி இரவோடு இரவாக ஆள் பிடிக்கிறான். ஜனங்களுக்கு நியாயம் வழங்கும் இடத்தில் ஆள் இல்லையென்றால் மாதக் கணக்கில் யாருக்கும் அவசரமில்லை!

இரண்டாவது, நிபுணர் சாட்சி. டாக்டரின் தவறை நிரூபிக்க இன்னொரு டாக்டர் வந்து சொல்ல வேண்டும். ஒரே ஊரில் தொழில் செய்கிறவர் எத்தனை பேர் முன்வருவார்கள்? 2009-ல் ஒரு தீர்ப்பு, நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே நிபுணர் கருத்தைக் கேட்க வேண்டும் என்று வழியை இன்னும் குறுக்கியது. நல்ல வேளையாக 2010-ல் வேறொரு வழக்கில் அது தளர்த்தப்பட்டது. எல்லா வழக்குக்கும் நிபுணர் தேவையில்லை, தவறு கண்ணுக்கு நேரே தெரியும் வழக்கும் உண்டு என்றார்கள். அந்த வழக்கையும் கவனியுங்கள். மலேரியா இலாகாவில் வேலை பார்த்த ஒருவரின் மனைவிக்கு 2002-ல் மலேரியாக் காய்ச்சல். ஆஸ்பத்திரி டைபாய்டு என்று வைத்தியம் பார்த்தது, அம்மாள் இறந்தார். 2 லட்ச ரூபாய்க்காக எட்டு வருஷம்.

மூன்றாவது, அப்பீல் ஏணி. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், அதன் மேல் மாநிலம், அதன் மேல் தேசியம், அதற்கும் மேல் சுப்ரீம் கோர்ட்டு. தோற்றவன் அப்பீல் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும் என்று 2019 சட்டம் சொல்கிறது. நல்ல ஷரத்துதான். ஆனால் கோடிக்கணக்கில் மூலதனம் போட்ட ஆஸ்பத்திரிக் கம்பெனிக்கு அது சில்லறைக் காசு. பின்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அதன் வக்கீலும் நிற்கிறார்கள். வழக்கை ஒரு வருஷம் தள்ளினால் ஒரு வருஷ வட்டி லாபம் என்று கணக்குப் போடுகிறவர்கள் அவர்கள்.

எதிரே நிற்பது யார்? ஒரு வாய்தாவுக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது. பஸ் கட்டணம், காகிதச் செலவு, வக்கீல் குமாஸ்தாவுக்குக் கைச்செலவு. நடவு நாளில் வாய்தா விழுந்தால் வயலா, கோர்ட்டா? படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யார்? மூன்றாம் வருஷம் முடிவதற்குள் கம்மல் அடகுக் கடையில் இருக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் வருவான். "ஏனப்பா வீணாக அலைகிறாய்? கொடுப்பதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு" என்பான். கோடி பெற வேண்டியவன் சில ஆயிரத்துக்குக் கையெழுத்துப் போடுகிறான்.

ஆகவேதான் சொல்கிறோம்: இந்தத் தாமதம் தற்செயலாக வந்ததல்ல. தாமதம் ஒரு ஆயுதம். அது காத்திருக்க முடிந்தவன் கையில் இருக்கிறது. அமெரிக்காவில் சம்பாதித்த டாக்டரால் பதினைந்து வருஷம் காத்திருக்க முடிந்தது. நம் கூலிக்காரத் தோழனால் பதினைந்து மாதம் முடியுமா?

இலவச ஆஸ்பத்திரியும் இ.எஸ்.ஐ.யும்

இதில் இன்னொரு அநீதியும் இருக்கிறது. 1995 தீர்ப்பின்படி, எல்லோருக்குமே முழுக்க முழுக்க இலவசமாக வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியின் மேல் நுகர்வோர் கோர்ட்டில் புகார் செய்ய முடியாது. சிலரிடம் பணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடமாக இருந்தால், அங்கே இலவசமாகப் பார்க்கப்பட்டவருக்கும் உரிமை உண்டு. மற்றபடி சிவில் கோர்ட்டு, அல்லது ஹைக்கோர்ட்டில் ரிட் மனு. விவசாயத் தொழிலாளி போவது எந்த ஆஸ்பத்திரிக்கு? அவனுக்குத்தான் நீளமான பாதை!

அரியானாவில் ஒரு ஏழைக் கூலிக்காரப் பெண். ஏற்கெனவே ஏழு குழந்தைகள். சர்க்கார் பிரசாரத்தை நம்பி 1988-ல் சர்க்கார் ஆஸ்பத்திரியில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டார். இனிக் குழந்தை பிறக்காது என்று சொல்லி அனுப்பினார்கள். 1991-ல் பெண் குழந்தை பிறந்தது. சிவில் கோர்ட்டு 54,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அரியானா சர்க்கார் என்ன செய்தது? மாவட்டக் கோர்ட்டுக்கு அப்பீல், ஹைக்கோர்ட்டுக்கு அப்பீல், சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல்! ஒரு கூலிக்காரிக்கு 54,000 ரூபாய் கொடுக்காமல் இருப்பதற்காக, ஜனங்களின் வரிப் பணத்தில் வக்கீல் வைத்து டில்லி வரை போயிற்று. 2000 ஏப்ரலில்தான் தோற்றது. ஆபரேஷன் நடந்து பன்னிரண்டு வருஷம்.

பஞ்சாலைத் தோழர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இ.எஸ்.ஐ. வைத்தியம் யாரும் போடும் பிச்சை அல்ல. 2019 ஜூலை முதல் நம் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளி பங்காக மூன்றேகால் ரூபாயும் அதற்குப் போகிறது. ஆனாலும் அரியானாவின் சோனிபட்டில் ஒரு தொழிலாளி, 1993-ல் தன் மனைவிக்கு இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் நடந்த வைத்தியத்தைப் பற்றிப் புகார் செய்தபோது, "இது இலவச வைத்தியம், உனக்குப் புகார் செய்ய உரிமையில்லை" என்றார்கள். சந்தா கட்டியவனுக்கு உரிமை உண்டு என்று 2007 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. கதவைத் தட்டலாமா கூடாதா என்பதைத் தீர்க்கவே பதினாலு வருஷம்!

டாக்டர்கள் நம் எதிரிகளா?

அல்ல. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பெரியாஸ்பத்திரியில் ஒரே இரவில் நூறு பேரைப் பார்த்துவிட்டு, தூங்காத கண்ணோடு மறுநாளும் நிற்கிற இளம் டாக்டரும், ஒரு வார்டு முழுவதையும் ஒண்டியாகச் சமாளிக்கிற நர்ஸும் உழைப்பாளிகளே. ஆளைக் குறைத்தவன் ஒருவன். பழியைச் சுமப்பவர் இன்னொருவர். எல்லாச் சாவும் டாக்டரின் குற்றத்தால் வருவதல்ல. தவறு செய்யாத டாக்டரும் வழக்கு முடியும் வரை பத்து வருஷம் குற்றவாளி போலத் தலைகுனிந்து நடக்கிறார். சீக்கிரமாகத் தீர்ப்பு வந்தால் நல்ல டாக்டருக்கும் நன்மை. டாக்டரை அடிப்பது, கண்ணாடியை உடைப்பது நம் வழி அல்ல. அதனால் போன உயிர் வராது, வழக்குத்தான் கெடும். நம் சண்டை, வைத்தியத்தை வியாபாரமாக்கி நியாயத்தையும் வியாபாரமாக்கிய அமைப்போடு.

இன்றே செய்யக் கூடியவை

சட்டம் மாறும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலைகள் உண்டு.

கேஸ் ஷீட் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் கொடுக்க வேண்டும் என்பது 2002-ம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதி. நாள் கடந்தால் காகிதம் காணாமல் போகும். புதிய காகிதமும் முளைக்கும். ஓ.பி. சீட்டு, மருந்துக் கடை ரசீது, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சீட்டு எதையும் எறியாதீர்கள்.

நுகர்வோர் கோர்ட்டில் புகாரை இரண்டு வருஷத்துக்குள் கொடுத்தாக வேண்டும். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். வைத்தியத்துக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கோர்ட்டுக் கட்டணம் கிடையாது.

வக்கீலுக்குப் பணமில்லையா? 1987-ம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டத்தின்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு இலவச வக்கீல் கேட்கும் உரிமை உண்டு. மாவட்டக் கோர்ட்டு வளாகத்திலேயே அந்த ஆபீஸ் இருக்கிறது. தனியாகப் போக வேண்டாம். சங்கத்தின் தோழர் ஒருவர் கூடப் போகட்டும். வாய்தாக்களை எழுதி வைக்க ஒவ்வொரு சங்க ஆபீசிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். விதவையான ஒரு பெண் தனியாகப் போய் நிற்பதும், அவள் பின்னால் பத்துத் தோழர்கள் நிற்பதும் எதிரிக்கு ஒன்றல்ல. வாய்தாவன்று போகும் கூலியைச் சங்கம் பங்கிட்டு ஏற்றால், கொடுப்பதை வாங்கிக்கொள் என்று வருகிற தரகனுக்கு வேலை இருக்காது.

நம் கோரிக்கைகள்

தனி மனிதர் சாமர்த்தியத்தால் மட்டும் இது தீராது. சர்க்காரை நோக்கி நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை:

நுகர்வோர் கோர்ட்டுகளில் ஒரு நாற்காலியும் காலியாக இருக்கக் கூடாது. ஒருவர் ஓய்வு பெறும் முன்பே அடுத்தவரை நியமிக்க வேண்டும்.

மூன்று மாதத்தில் தீர்க்க "முயல" வேண்டும் என்பதை "தீர்க்க வேண்டும்" என்று மாற்ற வேண்டும். காரணமில்லாமல் வாய்தா கேட்பவனிடம் எதிர்த்தரப்பின் கூலியையும் செலவையும் வசூலித்துக் கொடுக்க வேண்டும்.

வேறு மாவட்டத்து டாக்டர்களைக் கொண்ட குழு, குறித்த வாரங்களுக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். அதன் நகல் இரு தரப்புக்கும் கிடைக்க வேண்டும்.

முழு இலவச ஆஸ்பத்திரியில் பாதிக்கப்பட்டவருக்கும் அதே கோர்ட்டு, அதே உரிமை வேண்டும். ஏழைகளுக்குக் கிடைத்த சிறு தொகைகளை எதிர்த்துச் சர்க்கார் அப்பீல் போவதை நிறுத்த வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குற்றம் யாருடையது என்று தீரும் வரை குடும்பம் பட்டினி கிடக்கக் கூடாது. உடனடி நிவாரணம் கொடுக்க ஒரு பொது நிதி வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக் கம்பெனிகளும் சர்க்காரும் அதில் பணம் போட வேண்டும். இது நடக்காத காரியமா? மெஷினில் கை போன தொழிலாளி முதலாளியின் குற்றத்தை நிரூபிக்காமலே நஷ்டஈடு பெறலாம் என்ற கொள்கையை, வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1923-ம் வருஷத்துச் சட்டத்தில் தொழிலாளி வர்க்கம் பெற்றுவிட்டது. நியூஜிலாந்தில் 1974 முதல் விபத்துக்கும், வைத்தியத்தில் வந்த தீங்குக்கும், குற்றவாளியைத் தேடாமலே நிவாரணம் கொடுக்கும் திட்டம் நடக்கிறது. ஸ்வீடனில் 1975-ல் நோயாளிகளுக்கான இன்ஷூரன்ஸ் வந்தது. முதலாளித்துவ நாடுகளிலேயே இது முடிகிறதென்றால் இங்கே ஏன் முடியாது?

பூனாவில் மகனை இழந்த பெற்றோர் பதினைந்து வருஷம் கழித்து 3,000 ரூபாய்த் தீர்ப்பை உறுதி செய்துகொண்டார்கள். எழும்பூர்க் குழந்தை கண்ணில்லாமலே வளர்ந்து பெரியவளான பிறகு நியாயம் வந்தது. அவர்கள் விடாமல் நின்றதால்தான் இன்று நம் கையில் சில தீர்ப்புகளாவது இருக்கின்றன. அவர்கள் ஒவ்வொருவராகத் தனியாக நின்றார்கள். நமக்குச் சங்கம் இருக்கிறது. அடுத்த சங்கக் கூட்டத்திலேயே இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக்குங்கள். கிராமத்திலும் மில் வாசலிலும் கையெழுத்து வாங்குங்கள். கலெக்டருக்கும் எம்.எல்.ஏ.க்கும் மகஜர் கொடுங்கள்.

மூன்று மாதம் என்று எழுதியவர்களை மூன்று மாதத்திலேயே தீர்க்க வைப்போம்!